ஆட்டின் மூட்டு வீக்கமும் கேளா ஒலிச் சோதனையும்

செம்மறியாட்டுக்குக் காலே பிழைப்பு. மாட்டைக் கட்டிப்போட்டுத் தீனி வைக்கலாம். மந்தை ஆடோ நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்து மேய்ந்தாலன்றி அதன் வயிறு நிரம்பாது. கால் நொண்டிய ஆடு மந்தையின் பின்னே தங்கிவிடுகிறது. முன்னே சென்றவை மேய்ந்து முடித்த வெறுந்தரையே அதற்குக் கிட்டுகிறது. அது தாயாடாயின் பால் வற்றுகிறது. கிடாயாயின் பெட்டையைத் தழுவ இயலாது போகிறது. குட்டியாயின் எழுந்து நின்று தாயின் மடியை எட்டமாட்டாமல் இளைத்து மடிகிறது. 2019ஆம் ஆண்டில் எடுத்த 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் சுமார் 45 லட்சம் செம்மறியாடுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி, நிலமற்றவர்களும் சிறு விவசாயிகளும் வளர்க்கும் சிறு மந்தைகளாகும். பத்துக் குட்டி ஈன்ற மந்தையில் மூன்று குட்டி முடமானால், அக்குடும்பத்தின் ஓராண்டு வருவாயில் அது பெரும் பள்ளமாகும்.

ஆடு நொண்டுவதற்குக் காரணங்கள் பல. முள் தைத்திருக்கலாம், குளம்பு அழுகியிருக்கலாம், கோமாரி கண்டிருக்கலாம், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பரவும் நீலநாக்கு நோயிலும் குளம்பின் மேல்விளிம்பு வெந்து ஆடு கால் தாங்கும். இவற்றைப் பற்றி ஆடு வளர்ப்போர் ஓரளவு அறிந்தே இருக்கின்றனர். நாம் இங்கு எடுத்துக்கொண்டது மூட்டு அழற்சி ஒன்றையே. இது கண்ணுக்குத் தெரியும் நோய்போலத் தோன்றினும், உண்மையில் கண்ணுக்கு மறைந்த நோயாகும். வெளியே தெரிவது வீக்கம் மட்டும். உள்ளே இருப்பது தெளிந்த நீரா, தயிர்போல் திரண்ட சீழா, அரித்துப்போன எலும்பா என்பதைத் தோல் மறைத்துவிடுகிறது. அதை அறியாமல் செய்யும் சிகிச்சை பாதி குருட்டுச் சிகிச்சையே.

மூட்டினுள் நடப்பது என்ன?

இரண்டு எலும்புகள் கூடுமிடம் மூட்டு. எலும்பு நேரே எலும்போடு உரசாதபடி, இரண்டின் முனையிலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. மூட்டைச் சுற்றி ஓர் உறை உண்டு. அவ்வுறையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று படிந்துள்ளது. வண்டி அச்சுக்கு இடும் எண்ணெய்போல, மூட்டுக்கு வேண்டிய வழுவழுப்பான நீரைச் சுரப்பது இச்சவ்வே. ஆரோக்கியமான ஆட்டின் மூட்டில் இந்நீர் மிகச் சிறிதளவே இருக்கும்.

கிருமி புகுந்தாலும், அடிபட்டாலும், முதலில் சீற்றமடைவது இச்சவ்வுதான். அதில் இரத்த ஓட்டம் மிகுகிறது, சவ்வு தடிக்கிறது, நீர் அளவின்றிச் சுரந்து உறையைப் புடைக்கச் செய்கிறது. கிருமியே காரணமாயின் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் திரண்டு வந்து போரிடுகின்றன. அப்போரில் வெளிப்படும் நொதிகள் கிருமியை மட்டுமன்றிக் குருத்தெலும்பையும் தின்னத் தொடங்குகின்றன. இரத்த நாளம் இல்லாத பொருளாதலின், ஒருமுறை அரிபட்ட குருத்தெலும்பு மீண்டும் பழையபடி வளர்வதில்லை. இதற்கிடையே மூட்டு நீரில் நாரிழைகள் உறைந்து, பாலில் பிரை ஊற்றியதுபோல் கட்டிகட்டியாகத் திரள்கின்றன. இந்தத் திரளுக்குள் ஒளிந்த கிருமியை ஊசி மருந்து எளிதில் எட்டாது. இவையனைத்தும் நிகழ்வதற்குப் பல மாதங்கள் வேண்டியதில்லை. சில நாட்களே போதும். மூட்டு நோயில் நாள் கணக்கு பார்க்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

இளங்குட்டிகளுக்குக் கிருமி பெரும்பாலும் தொப்புள் வழியாகவோ, வாய் வழியாகவோ உட்புகுந்து, இரத்தத்தில் கலந்து, மூட்டுகளில் சென்று தங்குகிறது. பிரிட்டனில் ஒரு மாதத்துக்குட்பட்ட குட்டிகளின் மூட்டு நோய்க்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் டிஸ்கலாக்டியே என்னும் கிருமியே முதன்மைக் காரணமெனக் கண்டறிந்துள்ளனர். சற்று வளர்ந்த குட்டிகளில் எரிசிபெலோத்ரிக்ஸ் என்னும் மண்ணில் வாழும் கிருமி காயங்களின் வழியே புகுந்து பல மூட்டுகளை ஒருங்கே தாக்குகிறது. மைக்கோபிளாஸ்மா இனக் கிருமிகள் மடிநோயோடும் கண்நோயோடும் மூட்டு நோயையும் சேர்த்தே தருவதுண்டு. இவற்றுக்கான மருந்துகள் ஒன்றல்ல. பெனிசிலின் முதலிரண்டையும் அடக்கும். ஆனால் மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் இல்லையாதலின், செல்சுவரைத் தாக்கும் அம்மருந்து அதனிடம் பயன்படாது.

கை அறிவதும் அறியாததும்

அனுபவமுள்ள மேய்ப்பரின் கை நல்ல கருவி. மூட்டைத் தடவி, சூடு உண்டா, அழுத்தினால் ஆடு காலை இழுத்துக்கொள்கிறதா, வீக்கம் கல்போல் உள்ளதா, நீர்ப்பைபோல் உள்ளதா என்று அவர் சொல்லிவிடுவார். இவ்வறிவை நாம் ஒருபோதும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் அந்தக் கைக்கும் ஓர் எல்லை உண்டு. மூட்டின் மேலுள்ள தோலடி நீர்க்கோப்பு, தசைநாண் உறையில் தேங்கிய நீர், தனிச் சீழ்க்கட்டி, மூட்டினுள்ளேயே தேங்கிய நீர் ஆகிய நான்கும் தொட்டுப் பார்ப்பவருக்கு ஏறக்குறைய ஒன்றேபோல் இருக்கும்.

இதற்கோர் எடுத்துக்காட்டு: குளம்பு நொந்த ஆடுகள் முன்னங்கால்களை மடக்கி முட்டியிட்டு மேய்வதை யாவரும் கண்டிருப்பர். மாதக்கணக்கில் அவ்வாறு மேயும் கிழட்டு ஆட்டின் முன்முட்டி தடித்து, பந்துபோல் புடைத்து நிற்கும். அதைக் கண்டவுடன் மூட்டு நோய் என முடிவுகட்டி ஊசி போடுவது வழக்கம். உள்ளே பார்த்தால் தோலுக்கும் மூட்டுக்கும் இடையே நீர்ப்பை ஒன்று வளர்ந்திருக்கும். மூட்டு சுத்தமாக இருக்கும். சிகிச்சை வேண்டியது குளம்புக்கே. ஆனால் இதைத் தோலைக் கிழிக்காமல் எவ்வாறு பார்ப்பது?

கேளா ஒலியின் துணை

மனிதனின் செவி வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கும். அதற்கு மேற்பட்டது கேளா ஒலி. வௌவால் இருளில் வழியறிவது இதனால்தான். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதை 1880இல் பிரான்ஸ் நாட்டில் பியேர் கியூரியும் அவர் தமையனார் ழாக் கியூரியும் கண்டறிந்தனர். மின்சாரம் செலுத்தினால் அதே படிகம் அதிர்ந்து ஒலியெழுப்பும். முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட இந்த இயல்பு பயன்பட்டது. 1958இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இயன் டொனால்டும் அவர் குழுவினரும் வயிற்றுக் கட்டிகளையும் கருவையும் இவ்வொலியால் படம்பிடித்து வெளியிட்ட பின், மருத்துவத்தில் இது வேரூன்றியது. ஆடுகளின் சினை அறியவும் 1960களிலேயே இதைப் பயன்படுத்தத் தொடங்கினர். போருக்கென வந்த பொருள் ஆட்டுப்பட்டிக்கு வந்து சேர்ந்தது நல்ல பயணமே.

கருவி வேலை செய்யும் விதம் எளிது. கையில் பிடிக்கும் சோதனைத் தலையைத் தோல்மேல் வைத்தால் அது ஒலித்துடிப்புகளை உள்ளே செலுத்துகிறது. உடலின் மென்திசுக்களில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 1 சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள பொருளில் மோதி எதிரொலி திரும்ப ஏறத்தாழ 13 மைக்ரோவினாடி, அதாவது ஒரு வினாடியின் பத்துலட்சத்தில் 13 பங்கு, ஆகும். இந்நேரத்தை அளந்து கருவி ஆழத்தைக் கணக்கிட்டு, எதிரொலியின் வலிமைக்கேற்ப வெண்மையாகவோ கருமையாகவோ புள்ளியிட்டுத் திரையில் படம் வரைகிறது. நீரில் எதிரொலி எழுவதில்லையாதலின் அது கரிய நிறமாகத் தோன்றும். எலும்பின் மேற்பரப்பு ஒலியை வலுவாகத் திருப்பியனுப்புவதால் பளிச்சென்ற வெள்ளைக் கோடாகத் தெரியும். அதற்குப் பின்னால் நிழலே. தசைநாண் நெருங்கிய நாரிழைகளாகத் தெரியும். காற்றோ ஒலிக்குப் பெருஞ்சுவர். சிறு காற்றுக் குமிழியும் படத்தைக் கெடுத்துவிடும்.

எந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்துவது என்பதில் ஒரு சமரசம் உண்டு. அதிர்வெண் உயர உயரப் படம் கூர்மையாகும். ஆனால் ஒலி ஆழம் செல்லாது. ஆட்டின் வயிற்றின்மேல் வைத்துச் சினை காணப் பயன்படும் 3.5 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 0.44 மில்லிமீட்டர். 10 மெகாஹெர்ட்ஸ் ஒலிக்கோ அது 0.15 மில்லிமீட்டரே. குட்டியின் மூட்டுச் சவ்வைப் பார்க்க முந்தியது போதாது, 7.5 மெகாஹெர்ட்ஸாவது வேண்டும், 10 அல்லது அதற்கு மேல் இருப்பின் நன்று. ஆட்டின் கால் மூட்டுகள் தோலுக்கு மிக அருகில் இருப்பதால் ஆழம் ஒரு பொருட்டன்று. மாடுகளின் சினைப்பையைப் பார்க்க மருத்துவர்கள் வைத்திருக்கும் நேர்கோட்டுச் சோதனைத் தலைகள் பல 5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குபவை. அவற்றின் உயர்ந்த அளவில் வைத்து ஆட்டின் மூட்டையும் ஓரளவு நன்றாகவே காணலாம். மூட்டுக்கெனத் தனிக்கருவி வாங்கவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

சோதனை செய்யும் முறை

ஆட்டுக்கு மயக்க மருந்து வேண்டுவதில்லை. பழகிய ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும். நிற்க வைத்தோ, பக்கவாட்டில் படுக்க வைத்தோ, பின்புறத்தின் மேல் உட்கார வைத்தோ பார்க்கலாம். நிறைசினை ஆட்டை மட்டும் நெடுநேரம் உட்கார வைத்தல் ஆகாது. மூட்டின் மேலுள்ள மயிரை நறுக்கி, மழித்து, அழுக்கைக் கழுவி, அதற்கென உள்ள பசையைத் தாராளமாகத் தடவவேண்டும். நீலகிரி ஆட்டைப்போன்ற கம்பளி இனங்களில் இவ்வேலை அதிகம். மேச்சேரி, இராமநாதபுரம் வெள்ளை போன்ற நம் சமவெளி இனங்களுக்குக் குட்டை மயிரே என்றாலும், அம்மயிரிடையும் காற்று தங்கும். ஆகவே மழிப்பதைத் தவிர்க்கலாகாது.

முன்முட்டியை முன்புறத்திலிருந்தும், பின்னங்கால் குதிமூட்டை முன்புறம், உட்புறம், வெளிப்புறம் ஆகியவற்றிலிருந்தும், தொடை மூட்டைச் சில்லெலும்பின் கீழுள்ள தசைநாரின் இருபக்கங்களிலிருந்தும் பார்க்கவேண்டும். நெடுக்கிலும் குறுக்கிலும் இரண்டு படம் எடுக்காமல் எதையும் முடிவு செய்தலாகாது. சோதனைத் தலையை அழுத்திப் பிடித்தால் மூட்டு நீர் விலகி ஒதுங்கிவிடும். இல்லாதது போலத் தோன்றும். இலேசாகவே வைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயுற்ற காலைப் பார்த்தபின் அதே ஆட்டின் எதிர்க்காலையும் பார்க்கவேண்டும். அந்தக் காலே நமக்கு அளவுகோல். இரண்டும் நோயுற்றிருப்பின், அதே வயதுடைய வேறு நல்ல குட்டியைப் பிடித்துப் பார்ப்பது நலம்.

திரையில் தேடவேண்டியவை இவை. முதலாவது, நீர் உண்டா, எவ்வளவு. அது முழுக் கருமையாயின் தெளிந்த நீர். மினுக்கும் புள்ளிகள் மிதந்து சுழன்றால் அணுக்கள் நிறைந்தது. சாம்பல் நிறத் திரளாக, அழுத்தினாலும் அசையாது நின்றால் உறைந்துபோன நாரிழைச் சீழ். அடுத்து, சவ்வு தடித்திருக்கிறதா, விரல்விரலாக நீருக்குள் நீண்டிருக்கிறதா என்பது. பின்னர், எலும்பின் வெள்ளைக் கோடு ஒழுங்காக உள்ளதா, பூச்சி அரித்த மரம்போல் பள்ளம் விழுந்திருக்கிறதா என்பது. டாப்ளர் என்னும் வசதியுள்ள கருவியாயின் சவ்வில் ஓடும் இரத்தத்தை நிறமாகக் காட்டும். நிறம் மிகுதியாயின் அழற்சி கனன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். மனிதரின் மூட்டு வாத நோயில், நீர், சவ்வின் தடிப்பு, இரத்த ஓட்டம் ஆகியவற்றுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் தரும் வழக்கம் உண்டு. அதே முறையை ஆட்டுக்கும் பின்பற்றி, தேதியோடு குறித்து வைத்தால், அடுத்த வாரம் பார்ப்பவர் வேறொருவராயினும் நோய் ஏறியதா, இறங்கியதா என்று சொல்ல முடியும். பார்த்தோம், வீக்கம் இருந்தது என்று மட்டும் எழுதி வைக்கும் குறிப்பு எவருக்கும் உதவாது.

நாம் ஏமாந்த இடம்

வறண்ட பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில், மழைக்காலத்தில் பிறந்த குட்டிகள் ஏழுக்கு மூட்டு வீங்கியது. கிடை சேற்றில் நனைந்து, பத்து நாள் இடம் மாற்றப்படாமல் இருந்தது. நாம் சென்றபோது வீக்கம் கண்டு சில குட்டிகளுக்கு இரண்டு நாளும், சிலவற்றுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகியிருந்தன. இரண்டு குட்டிகளுக்கு முட்டியைச் சுற்றிச் சூடு போட்டிருந்தார்கள். "பாட்டன் காலத்திலிருந்து இதைத்தான் செய்கிறோம், ஐயா; சில குட்டி பிழைக்கிறது, சிலது போகிறது" என்றார் மந்தைக்கு உரியவரான முதியவர். அவர் சொன்னதில் பொய் இல்லை. தாமாகத் தேறும் குட்டிகள் சூடு போட்டாலும் தேறும். அந்தப் புகழ் சூட்டுக்கோலுக்குப் போய்விடுகிறது.

சூடு போட்ட இரண்டையும் நம்மால் சரியாகப் பார்க்கவே இயலவில்லை. வெந்து பொருக்குத் தட்டிய தோல்மேல் கருவியை வைத்தால் குட்டி துடித்தது. பொருக்கினிடையே காற்று நின்றதால் படமும் விழவில்லை. மற்ற ஐந்தில் மூன்றின் மூட்டில் கரிய நீர் மட்டும் இருந்தது. எலும்புக்கோடு குறையின்றி இருந்தது. இரண்டில் சாம்பல் திரளும், அவற்றுள் ஒன்றில் எலும்பு அரிப்பும் தெரிந்தன.

ஆறாவதாக ஒப்பீட்டுக்கென்று நல்ல குட்டி ஒன்றைப் பிடித்துப் பார்த்தோம். அதன் தொடை மூட்டிலும் எலும்பு முனையைச் சுற்றிக் கருமையான பட்டை அகலமாகத் தெரிந்தது. இதற்கும் நோய் வந்துவிட்டது என்று சொல்லி, மருந்துப் புட்டியைக் கையில் எடுத்தும் விட்டோம். பின்னரே ஐயம் தோன்றி, சோதனைத் தலையை இலேசாக அழுத்திப் பார்த்தோம். நீராயின் விலகவேண்டும், அது விலகவில்லை. கூர்ந்து நோக்கினால் கருமைக்குள் நுண்ணிய வெண்புள்ளிகள் சீராகப் பரவியிருந்தன. எதிர்க்காலிலும் அதே அகலம். பிறந்து சில வாரங்களே ஆன குட்டியின் எலும்பு முனை இன்னும் முழுதும் எலும்பாகாமல் தடித்த குருத்தெலும்பாகவே இருக்கும். அது திரையில் நீர்போலவே கருத்துத் தோன்றும் என்பதை நூலில் படித்திருந்தும் அவ்வேளையில் மறந்துவிட்டோம். நல்ல குட்டிக்கு ஊசி போட்டிருப்போம், பெரிய தீங்கில்லை. ஆனால் மூட்டினுள் ஊசியைச் செலுத்தி நீர் எடுக்க முயன்றிருந்தால், இல்லாத நோயை நாமே உண்டாக்கியிருக்கக் கூடும்.

இதுபோன்றே இன்னொரு மயக்கமும் உண்டு. சோதனைத் தலை சற்றுச் சாய்ந்தால், நல்ல தசைநாணும் கருத்துத் தெரிந்து, அறுந்ததுபோல் காட்டும். தலையை நிமிர்த்தினால் நாரிழைகள் திரும்பத் தோன்றிவிடும். கருவி பொய் சொல்வதில்லை. ஆனால் பிடிக்கும் கை தவறினால் படமும் தவறும். ஆகையால் இச்சோதனையைப் புதிதாகக் கற்போர், நோயுற்ற ஆட்டைத் தொடுமுன் நல்ல ஆடுகள் சிலவற்றின் மூட்டுகளைப் பொறுமையாகப் பார்த்துப் பழகுதல் வேண்டும்.

கண்டபின் செய்வது

கேளா ஒலி கிருமியின் பெயரைச் சொல்லாது. எலும்பின் உட்புறத்தையும் காட்டாது. அதற்கு எக்ஸ்ரேயே வேண்டும். அது செய்யும் பேருதவி, எங்கே நீர் தேங்கியிருக்கிறது என்று காட்டி, ஊசியை நேரே அவ்விடம் செலுத்த வழிசெய்வதாகும். தோலைத் தூய்மை செய்து, மருத்துவர் திரையைப் பார்த்தபடியே எடுக்கும் சில துளி நீரை ஆய்வகத்துக்கு அனுப்பினால் கிருமியும் தெரியும், அதை அடக்கும் மருந்தும் தெரியும். மருந்து கொடுக்கத் தொடங்குமுன் எடுப்பதே முறை. ஓர் ஊசி போட்டபின் எடுத்த நீரில் கிருமி வளராமற் போவதுண்டு.

மேற்சொன்ன பட்டியில், நீர் மட்டும் கண்ட மூன்று குட்டிகளுக்கும் அன்றே பெனிசிலின் தொடங்கி, ஐந்து நாள் விடாது கொடுத்தோம். வலி குறைய மெலாக்சிகாமும் மருத்துவ அளவில் தரப்பட்டது. மூன்றும் காலூன்றின. இரண்டாம் நாளே ஓடத் தொடங்கிய ஒரு குட்டிக்கு மருந்தை நிறுத்திவிடலாமா என்று முதியவர் கேட்டார். நிறுத்தலாகாது என்றோம். வலி தணிந்தது வேறு, கிருமி ஒழிந்தது வேறு. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது மூட்டில் இன்னும் சிறிது நீர் இருந்தது. ஆனால் சவ்வின் தடிப்பு குறைந்திருந்தது, நடையும் சீராக இருந்தது. குணமான பிறகும் நீர் சில நாள் தங்கியிருக்கக் கூடும். அதை மட்டும் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

திரள் கட்டிய இரண்டைப் பற்றி முடிவு செய்வது எளிதாக இல்லை. ஒன்றின் மூட்டை மருத்துவர் உப்புநீரால் கழுவி, மருந்து தொடர்ந்தார். அது உயிர் பிழைத்தது; முட்டி முழுதும் மடங்காத முடமாக நின்றது. எலும்பு அரித்திருந்த மற்றொன்றுக்கு மருந்து தொடர்வதால் பணமும் வலியுமே மிகும் என்று முதியவரிடம் வெளிப்படையாகச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "இதை முன்னமே யாராவது சொல்லியிருந்தால் போன வருஷம் இருபது ஊசி வாங்கியிருக்கமாட்டேனே" என்றார். அக்குட்டியை மேலும் துன்புறவிடாமல் மருத்துவர் வலியின்றி உயிர் நீக்கினார். ஸ்கேன் கருவியால் பிழைக்கும் குட்டியைக் காப்பதைப்போலவே, பிழைக்காத குட்டியை வதைக்காமல் விடுவதும் ஒரு பயன் என்பதை அன்றுதான் நன்கு உணர்ந்தோம்.

சூடு போட்ட இரண்டுக்கும் படமின்றியே மருந்து கொடுத்தோம். ஒன்று தேறியது, ஒன்று இறந்தது.

வலி மருந்து பற்றி ஒரு சொல். கடையில் கிடைக்கும் எதையும் வாங்கிப் போடுதல் கூடாது. டைக்ளோஃபெனாக் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006இல் தடை செய்யப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபெனாக் ஆகியவையும் 2023இல் தடைசெய்யப்பட்டன. அம்மருந்து உண்ட கால்நடையின் சடலத்தைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததே காரணம். மெலாக்சிகாம் கழுகுகளுக்குத் தீங்கற்றது என அறியப்பட்டுள்ளது. மேலும், எம்மருந்து கொடுத்த ஆட்டையும் மருத்துவர் குறித்த நாள் கழியுமுன் இறைச்சிக்கு விற்கலாகாது.

எல்லா ஆட்டையும் பார்க்கவேண்டுமா?

வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. கருவி கைக்கு வந்துவிட்டது என்பதற்காக நொண்டும் ஆட்டையெல்லாம் திரையில் போட்டுப் பார்ப்பது நேரக்கேடு. முதலில் குளம்பைத் தூக்கிப் பார்க்கவேண்டும், முள்ளை எடுக்கவேண்டும். மூட்டுதான் என்று தோன்றினால், ஒரே நேரத்தில் பல குட்டிகள் வீங்கியிருக்கும் மந்தையில் புதிதாக வீங்கிய இரண்டு மூன்றைப் பார்த்து, அவற்றின் நீரை அனுப்பினால் போதும். மற்றவற்றுக்கு அதையே கொண்டு சிகிச்சை செய்யலாம். மருந்து கொடுத்தும் மூன்று நான்கு நாளில் தேறாதது, விலையுயர்ந்த பொலிகிடா, வீக்கம் மூட்டிலா வெளியிலா என்று ஐயமுள்ளது ஆகியவற்றுக்கே தனிச்சோதனை தேவை.

சினை பார்க்கும் கருவிகள் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் வேறு சில பெரிய மருத்துவமனைகளிலும் உள்ளன. ஒரு வட்டாரத்தில் ஆட்டுக் குட்டிகள் மிகுதியாகப் பிறக்கும் மாதங்களில், கூட்டுறவுச் சங்கமோ ஊராட்சியோ முன்கூட்டிச் சொல்லி, குறித்த நாளில் பல மந்தைகளின் நோயுற்ற குட்டிகளை ஓரிடத்தில் கூட்டினால் ஒரு மருத்துவரின் ஒரு முற்பகல் போதுமானது. அவ்வாறு கூட்டுகையில் வெவ்வேறு மந்தைக் குட்டிகளைக் கலவாமல் தனித்தனியே நிறுத்தவேண்டும். இல்லையேல் மூட்டு நோய்க்கு வந்த குட்டி வேறு நோயை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்.

ஆனால் இவ்வளவும் நோய் வந்தபின் செய்வன. வாராமற் காப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. குட்டி விழுந்தவுடன் தொப்புள்கொடியை டிங்சர் அயோடினில் நன்கு தோய்க்கவேண்டும். சில மணி கழித்து மறுபடியும் தோய்த்தல் நன்று. சீம்பாலை முதல் ஆறு மணி நேரத்துக்குள், கூடுமானால் இரண்டு மணிக்குள்ளாகவே, உடலெடையில் கிலோவுக்கு 50 மில்லி வீதம் புகட்டவேண்டும். 2 கிலோ குட்டிக்கு 100 மில்லி. பிறக்கும்போது குட்டியின் இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் ஏறக்குறைய இல்லை. அதைச் சீம்பால் ஒன்றே தருகிறது. குடல் அதை உட்கொள்ளும் ஆற்றலும் நேரம் செல்லச் செல்லக் குறைந்து, ஏறத்தாழ ஒரு நாளில் மறைந்துவிடுகிறது. ஈனும் இடம் உலர்ந்திருக்கவேண்டும். மழைக்காலத்தில் கிடையை அடிக்கடி இடம் மாற்றவேண்டும். காதடையாளம் இடும்போதும் விதையடிக்கும்போதும் கருவியைக் குட்டிக்குக் குட்டி தூய்மை செய்யவேண்டும்.

மூட்டு வீங்கிய குட்டியை மருத்துவரிடம் கொண்டுசெல்வோர் கவனிக்கவேண்டியவை சிலவே. எண்ணெய், மஞ்சள், பச்சிலைப் பற்று எதையும் வீக்கத்தின்மேல் பூசாமல் கொண்டுவருதல் வேண்டும். கீறுதலும் சூடு போடுதலும் அறவே கூடாது. வீக்கம் என்று கண்டது, எத்தனை மூட்டு, ஏற்கெனவே போட்ட மருந்து எது என்பதை நினைவில் வைத்துச் சொல்லவேண்டும். காலிப் புட்டி இருப்பின் அதையே கொண்டுவரலாம். பால்குட்டியாயின் தாயையும் உடன் கொண்டுவரவேண்டும். தாயின் மடியையும் மருத்துவர் பார்க்கவேண்டியிருக்கும். குட்டியும் பசியின்றி அமைதியாக நின்று சோதனைக்கு இடங்கொடுக்கும். தொலைவிலுள்ளோர் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்னும் எண்ணில் அழைக்கலாம். வீக்கம் கண்ட அன்றே அழைப்பது மேல். மறுநாள் சந்தை, அதற்கு மறுநாள் திருவிழா என்று தள்ளிப்போட்டு நான்காம் நாள் வருபவர்களின் குட்டிகளிலேயே சாம்பல் நிறத் திரளைப் பெரும்பாலும் காண்கிறோம்.